டாருல் அமானில் எழுந்த சத்தம்

கெடா காற்பந்து ரசிகர் ஒருவரைச் சீண்டிப் பார்க்க வேண்டுமா? 1987, 1988, 1989 என்று மூன்று வருடங்களை வரிசையாகச் சொன்னால் போதும். மூன்று வருடமும் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்குக் கெடா போனது. மூன்று வருடமும் தோற்றது. அதுவும் ஒரே அணியிடம், கோலாலம்பூரிடம். சுங்கைப்பட்டாணியில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். "அத ஏன் தம்பி இப்போ கெளப்புற?" என்று கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

அலோர் ஸ்டாரிலுள்ள டாருல் அமான் அரங்கத்தைப் பார்க்கப் போகிற வழியில், கெடா ரசிகர்கள் கேட்டதிலேயே பெரிய சத்தம் எது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரிப்பது என் திட்டம். பெரியவர் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டி, அங்கேயே ஓய்வு பெற்றவர். அவர் யோசிக்கவே இல்லை. "தொண்ணூறு" என்றார்.

1990இல் கெடா தொடர்ந்து நான்காவது வருடமாக இறுதியாட்டத்துக்குப் போனது. எதிரணி, அப்போது இந்தக் கிண்ணத்தில் ஆடிவந்த சிங்கப்பூர். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் 3-1 என்று கெடா வென்றது. பெரியவர் மெர்டேக்கா அரங்கத்தில் இல்லை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்காத காலம் அது. பழைய சாலையில் பஸ் பிடித்துப் போய்த் திரும்ப இரண்டு நாள் சம்பளம் போய்விடும். தோட்டத்துக் கிளப்பில் இருந்த ஒரே தொலைக்காட்சியின் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் சன்னலோரம் நின்றார்களாம். மூன்றாவது கோல் விழுந்ததும் யாரோ கோவிலுக்கு ஓடிப்போய் மணியை அடிக்கத் தொடங்கிவிட்டார். பூசாரி திட்டிக்கொண்டே வந்து, விஷயம் தெரிந்ததும் கயிற்றைத் தானே வாங்கி அடித்தாராம். தோட்டத்து எழுத்தரான கிராணி மட்டும் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிடும் என்று எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்!

சொந்தத் திடல் ஆட்டங்களுக்கு மட்டும் அலோர் ஸ்டார் வரை போவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு லாரி பேசுவது, வெட்டு முடிந்து குளித்துக் கிளம்புவது, நின்றுகொண்டே போவது, நள்ளிரவு தாண்டித் திரும்பி விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்பது. "தொண்ட கட்டிப் போயிருக்கும் தம்பி. மண்டோர் பேர் கூப்பிட்டா ஆஜர் சொல்லச் சத்தம் வராது. கைய மட்டும் தூக்குவோம்."

இந்த வெறி அரங்கத்தில் தொடங்கியதல்ல. லயத்து வீடுகளுக்கும் கோவிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவில் அநேகமாக எல்லாத் தோட்டங்களிலும் ஒரு திடல் இருந்தது. பந்து வாங்கக் காசில்லாத பிள்ளைகள் மரப்பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை நூல் நூலாக உரித்து உருட்டிப் பந்து செய்வார்கள். கனமான பந்து. தரையில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. வெறுங்காலால் அதை உதைத்துப் பழகியவனுக்குத் தோல் பந்து பஞ்சு மாதிரி இருக்கும் என்று பெரியவர் சத்தியம் செய்தார். கோல் காவலுக்கு நின்றவனெல்லாம் ஆறுமுகம். தேசிய அணியின் கோல்காவலர் ஆர். ஆறுமுகத்துக்கு நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்ற பட்டம் இருந்தது. 1980இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணி அவருடையது. அரசு புறக்கணித்ததால் அந்த அணி மாஸ்கோ போகவில்லை. 1988இல் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். அந்தச் செய்தி வந்த அன்று லயத்தில் பல வீடுகளில் சமைக்கவில்லை என்று பெரியவர் சொன்னபோது நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

1993 இறுதியிலும் எதிரணி சிங்கப்பூர்தான். அந்த அணியில் வி. சுந்தரமூர்த்தி இருந்தார். அதே ஆண்டு புருணைக்கு எதிராக அந்தரத்தில் மல்லாந்து அவர் அடித்த கோலைப் பார்த்தவர்கள் இன்றும் கைகாலை ஆட்டிக் காட்டுவார்கள். "சுந்தரம் நம்ம ஆளாச்சே, யார் பக்கம் கத்தினீங்க?" என்று கேட்டேன். "ஆளு நம்ம ஆளுதான். கிண்ணம் கெடா கிண்ணம்" என்றார். கெடா 2-0 என்று வென்றது.

இரயிலில் வடக்கே போகும்போது குரூண் வரை மரங்கள்தாம். ஒரு காலத்தில் ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை, இடையிடையே தாமான் வீடுகள், தொழிற்சாலைகள். குரூணைத் தாண்டினால் மரங்கள் விலகி வயல்வெளி வந்துவிடும். தோட்டத் தமிழர்களின் கெடா தெற்கே; மலாய் நெல் விவசாயிகளின் கெடா வடக்கே. சீனர்கள் பெரும்பாலும் பட்டணங்களில். மூவரும் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே நடுவரைத் திட்டிய இடம் டாருல் அமான். ஒற்றுமை பற்றி மேடைகளில் நிறையப் பேசிவிட்டார்கள். தொண்டை வறள ஒன்றாகக் கத்தியதை நான் அதற்கு மேலே வைப்பேன்.

அரங்கம் பகலில் சாதாரணமாகத்தான் இருக்கிறது. சுமார் 32,000 பேர் கொள்ளும். 1997இல் உலக இளையோர் கிண்ண ஆட்டங்கள் இங்கேயும் நடந்தன. இந்த ஊரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் முதல் பிரதமர் மட்டுமல்லர், ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் 1958 முதல் 1977 வரை இருந்தவர். பந்துப் பைத்தியம் இங்கே மேலிடத்திலிருந்தே உண்டு.

வெளியே பச்சை மஞ்சள் கழுத்துத் துணி விற்கும் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் கடை போட்டிருந்தார். அவர் 2008 என்றார். 2007இல் லீக், எப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றும் கெடாவுக்கு. 2008இல் மறுபடியும் மூன்றும். பயிற்றுநர் அஸ்ராய் கோர், முன்னணியில் மார்லோன் ஜேம்ஸ், நெல்சன் சான் மார்ட்டின். அந்த ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 3-2 என்று வென்றார்கள். "பியாக் பி கட் டெபா" என்று பாக்சிக் ஒரு கையை வீசிக் காட்டினார். யார் என்ன சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகட்டும் என்கிற அந்தக் கெடா முழக்கத்தை அவர் வாயால் கேட்கவே ஒரு துணி வாங்கினேன்.

கூலிம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர் ஒருவருக்கு 2016தான் பெரிது. ஷா ஆலாமில் 1-1 என்று முடிந்து, பினால்டியில் 6-5 என்று சிலாங்கூரைத் தோற்கடித்த இரவு. அவருடைய தாத்தா பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, திடலும் இல்லை. "நாங்க ஃபுட்சால் கோர்ட்ல மணிக்கணக்குக் காசு கட்டி ஆடறோம், அண்ணே" என்றார்.

மூன்று பேர் சொன்னதில் என் ஓட்டு பெரியவருக்குத்தான். 2008இல் கெடா ஜெயிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். 1990இல் யாருக்கும் நம்பிக்கை இல்லை, ஆனாலும் தொலைக்காட்சி முன்னால் கூடினார்கள். மூன்று வருடம் தொண்டைக்குள் அடக்கி வைத்த சத்தம் அது. சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் பழைய தேசிய அரங்கத்தின் 'காலாங் கர்ஜனை'யைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள். அந்த அரங்கம் 2007இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. டாருல் அமான் அந்த வகையில் தப்பித்தது.

வேறு வகையில் அடி வாங்கியது. 1994-95இல் வெடித்த சூதாட்ட ஊழலில் நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பிடித்த ஆட்டக்காரனே விலைபோயிருப்பானோ என்ற சந்தேகம் வந்த பிறகு தொண்டை கிழியக் கத்த யாருக்கு மனம் வரும்? கூட்டம் கலைந்தது; 2007, 2008 வெற்றிகள்தாம் திரும்ப அழைத்து வந்தன. இப்போதைய சிக்கல் சம்பளம். ஆட்டக்காரர்களின் சம்பள பாக்கி வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் கிளப்புக்குத் தேசிய உரிமம் கிடைக்கவில்லை. 2025-26 சூப்பர் லீக்கில் கெடா ஆடவில்லை. கழுத்துத் துணி விற்ற பாக்சிக்கும் இப்போது ஆட்டம் பார்க்க வருகிறவர்களை நம்பியில்லை. என்னைப் போல வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குத்தான் விற்கிறார்.

அணியை மீட்கப் போகிறோம் என்று அறிக்கை விடுகிறவர்கள் முதலில் பழைய பாக்கியைத் தீர்க்கட்டும். மாதம் முடிந்ததும் ஆட்டக்காரன் கையில் சம்பளம் வரட்டும். பயிற்றுநர், வெளிநாட்டு ஆட்டக்காரர், புதிய சீருடை எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். லாரி பேசிக்கொண்டு போகக் கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் ஆள் இருக்கிறது.