வடமுனையிலிருந்து ஒரு பின்வரிசைக்காரன்

பஸ் பாரி சவுண்டில் நின்றது. கோப்பி குடிக்கப் பத்து நிமிடம் என்றார் சாரதி. மற்றவர்கள் கடைக்குள் ஓட, நான் குளிரில் நின்று அந்தச் சின்ன ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1948இல் பொபி ஓர் என்பவர் பிறந்த ஊர் அது. ஐஸ் ஹொக்கியில் பின்வரிசையில் நின்று காக்கவேண்டியவன் முன்னே பாய்ந்து கோலும் போடலாம் என்று உலகத்துக்குக் காட்டிய மனிதர். வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்எச்எல்லில், பருவமொன்றில் அதிக புள்ளி எடுத்தவருக்கான விருதைப் பின்வரிசைக்காரர் ஒருவர் வென்றது இரண்டே தடவை. இரண்டும் அவருடையவை.

நான் இன்றுவரை சறுக்குச் சப்பாத்துப் போட்டதில்லை. ஆனாலும் ஆறு வருடமாக நான் ஒரு ஹொக்கி அணியின் பின்வரிசைக்காரன். அந்த அணியின் கோலியை, அதாவது கோல்காப்பாளரை, முதல் தடவையாக நேரில் பார்க்கத்தான் ரொறன்ரோவிலிருந்து சட்பரிக்கு, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் போய்க்கொண்டிருந்தேன்.

ஸ்காபரோவில் இரவு வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில், இடைவேளை மேசையில் பேச்செல்லாம் ஹொக்கிதான். குளிர்காலம் முழுக்க அந்த மேசையில் பேச்சில்லாமல் சாப்பிட்டு எழும்பியிருக்கிறேன். ஒரு நாள், என்னோடு வேலை செய்தவன் ஒருவன் தன் கைபேசியைக் காட்டினான். கணினிக்குள் நடக்கும் லீக். ஆளுக்கு ஓர் ஆட்டக்காரனை நாமே படைக்கவேண்டும்: பெயர், உயரம், எடை, எந்தக் கையால் அடிப்பான், எந்த ஊர். பதினெட்டு வயதில் அவன் டிராஃப்டுக்குப் போவான், ஏதோவொரு அணி அவனை எடுக்கும். ஒவ்வொரு வாரமும் நாம் பயிற்சிப் புள்ளி சேர்த்துச் சறுக்கலுக்கோ பாஸுக்கோ உடல்பலத்துக்கோ செலவழிக்கவேண்டும். ஆட்டத்தை மென்பொருள் ஆடிமுடிக்கும். நமக்குக் கிடைப்பது வரிவரியாக ஓர் அறிக்கை: யார் ‘பக்’ என்கிற ரப்பர் வட்டை யாருக்குத் தள்ளினார், யார் தடுத்தார், எத்தனையாவது நிமிடத்தில் கோல். வயது ஏற ஏற அந்த ஆட்டக்காரனும் தளர்வான், ஒரு நாள் ஓய்வு பெறுவான். பிறகு புதிதாக இன்னொருவனைப் படைக்கவேண்டும்.

ஊர் என்ற கட்டத்தில் பருத்தித்துறை என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் உதைபந்தாட்டத்தில் பின்வரிசையில் நின்றவன் நான். அதையே இங்கும் கேட்டு வாங்கினேன். டிராஃப்டில் என்னை எடுத்தவர் சட்பரிக்காரர். அணியின் மேலாளரும் அவர்தான், கோலியும் அவர்தான். அன்றிரவே எனக்குச் செய்தி வந்தது: “வரைபடத்தில் உம்முடைய ஊரைப் பார்த்தேன். இலங்கையின் வடமுனை. கடற்கரையில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது, சரியா?” கனடாவுக்கு வந்த பிறகு என் ஊர் எங்கே இருக்கிறதென்று தேடிப்பார்த்த முதல் ஆள் அவர்.

ஆட்டம் ஓடும் இரவுகளில் குழு அரட்டையில் எல்லோரும் கூடுவோம். இடது விங் திம்மின்ஸில் லொறி ஓட்டுபவன். சென்ரர் பின்லாந்தின் தம்பேரெயில் இருக்கும் ஆசிரியன், எங்களைவிட ஏழு மணித்தியாலம் முன்னால் வாழ்பவன். முதலில் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினோம். பிறகு பிள்ளைகளின் காய்ச்சல், வீட்டு வாடகை, மணமுறிவு என்று எல்லாம் வந்தது. தோற்ற இரவுகளில்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா போய்விட்டார். ஒரு வரிகூட எழுதாமல் விமானம் ஏறினேன். எட்டுச் செலவு, பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று எல்லாம் முடித்துத்தான் திரும்பினேன். ஒரு மாதம் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாதவன் வளரமாட்டான், மற்ற அணிக்காரர்களோ வளர்ந்துகொண்டிருந்தார்கள். என்னை நீக்கிவிட்டு வேறொருவனைப் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். திறந்து பார்த்தால், இரண்டாவது லைனில் என் பெயர் அப்படியே இருந்தது. இரண்டு புள்ளி குறைந்ததால் அந்தப் பருவம் பிளேஓஃபுக்குள் போகமுடியவில்லை. ஒருவரும் அதைச் சொல்லவில்லை, நானாகத்தான் அட்டவணையில் கண்டுபிடித்தேன். கோலியிடம் கேட்டபோது, “அது உம்முடைய இடம்” என்று மட்டும் எழுதினார்.

பிரெஞ்சு ஆற்றைத் தாண்டியபின் பைன் மரங்கள் சிறுத்துக்கொண்டு வந்தன. சட்பரியை நெருங்கும்போது பாறைகள் கறுப்பு. பனி மூடாத இடமெல்லாம் கரி பூசினதுபோல. அந்தக் காலத்தில் நிக்கல் தாதுவைத் திறந்த வெளியில் விறகின்மேல் குவித்து எரித்தார்கள். கந்தகப் புகை மரங்களைக் கொன்று பாறைகளையும் கறுக்கவைத்தது. 1978இலிருந்து சுண்ணாம்பு தூவி, ஒரு கோடிக்கும் மேல் மரம் நட்டு, மலைகளைத் திரும்பவும் பச்சையாக்கியிருக்கிறார்கள்.

பஸ் நிலையத்தில் கோலி நின்றார். அறுபது தாண்டிய மனிதர், மூக்குக் கண்ணாடியில் பனிப் புகை. நான் கை நீட்ட, அவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். காருக்குள் அவருடைய கைகளைப் பார்த்தேன். நிக்கல் சுரங்கத்தில் இயந்திரம் திருத்திய கைகள். வலது பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்து அப்படியே வளர்ந்திருந்தது. போகிற வழியில் ஒரு குன்றைக் காட்டினார். பள்ளி விடுமுறையில் அந்தக் குன்றில் சுண்ணாம்பு மூட்டை சுமந்தவராம். “அப்போது அங்கே ஒரு புல் இல்லை” என்றார். இப்போது பனியைத் தாங்கிக்கொண்டு மரங்கள் நின்றன. அவர் காரை மெதுவாக்கி, நான் பார்த்துமுடிக்கும்வரை பேசாமல் இருந்தார்.

இரவு ஏழு மணிக்கு ஆட்டம். சட்பரியின் ஹொக்கி அணியான வூல்வ்ஸ், அதாவது ஓநாய்கள், ஆடும் அந்த அரங்கம் 1951இல் திறக்கப்பட்டது. திம்மின்ஸ்காரன் எங்களுக்கு முன்பே வந்து மூன்று இருக்கை பிடித்து வைத்திருந்தான்.

அறிக்கையில் “பக்கைப் பலகையில் மோதவிட்டான்” என்று ஆயிரம் தடவை வாசித்திருக்கிறேன். அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்று தெரியாது. எங்கள் முன்னாலிருந்த பலகையில் முதல் தடவை பக் மோதியபோது காலடியில் படிக்கட்டு அதிர்ந்தது. கத்தி ஐஸைச் சீவும் ஓசை தேங்காய் துருவுகிற மாதிரி. ஓர் ஆட்டக்காரன் தொடர்ந்து ஐஸில் நிற்கும் ஒரு ஷிஃப்ட் வழக்கமாக முக்கால் நிமிடத்துக்கு மேல் போகாது என்று எனக்குத் தெரியும். அந்த முக்கால் நிமிடத்தில் ஒரு பையன் எவ்வளவு களைத்துப்போகிறான் என்பதை அன்றுதான் பார்த்தேன். வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு வேலிமேல் சரிந்து விழுந்தான். பக்கத்திலிருந்தவன் அவனுடைய முதுகைத் தட்டினான்.

“அங்கே பாரும், உம்முடைய இடம்” என்று கோலி நீலக்கோட்டைக் காட்டினார். அங்கே அணியின் பின்வரிசைக்காரன் தனியே பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தான்.

தம்பேரெக்காரனுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அங்கே அதிகாலை மூன்று. சமையலறை விளக்கின் கீழே ஸ்வெற்றர் போட்டு உட்கார்ந்திருந்தான். வூல்வ்ஸ் கோல் போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. பாடம்செய்த ஓநாய் ஒன்று கூரையடிக் கம்பியில் தொங்கியபடி வெளியே வர, அரங்கம் முழுக்க ஊளைச் சத்தம். கோலி ஊளையிட்டார், திம்மின்ஸ்காரன் ஊளையிட்டான், நானும் தலையை நிமிர்த்தி ஊளையிட்டேன். கைபேசியில் பார்த்தேன். தூங்குகிற பிள்ளைகள் எழும்பாமலிருக்க, ஸ்வெற்றரை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தம்பேரெக்காரனும் ஊளையிட்டுக்கொண்டிருந்தான்.