எட்டோடு நிறுத்தத் தெரிந்தவர்கள்

கிழக்கு பார்த்த சிவன் கோயிலில் பிராகாரம் சுற்றி வந்தால், கருவறையின் பின்சுவர் மாடத்தில் லிங்கோத்பவர் இருப்பார். பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தூணைப் பிளந்துகொண்டு நிற்கும் சிவனுக்குப் பாதம் தெரியாது. முடியின் உச்சியும் தெரியாது. கீழே பன்றி மண்ணைக் குடைந்து இறங்கும். மேலே அன்னம் பறக்கும். அடி தேடிப் போனவர் திருமால்; முடி தேடிப் போனவர் பிரம்மா.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். திருமால் திரும்பி வந்து “காணவில்லை” என்றார். பிரம்மாவோ மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்துவந்து “கண்டேன்” என்றார். பிரம்மாவுக்குத் தனிக்கோயில் அரிது, தாழம்பூ சிவபூஜைக்கு ஆகாது என்பதற்கெல்லாம் இதைத்தான் காரணம் சொல்வார்கள். தேடியது குற்றமாகவில்லை. காணாமல் திரும்பியதும் குற்றமாகவில்லை. கண்டதாகச் சொன்னதற்குத்தான் தண்டனை.

முடிவிலி நிஜமா என்று என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். கணக்கு வாத்தியார் கோயில் கதை சொல்கிறாரே என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கணக்கிலும் இதே கதைதான் நடக்கிறது.

முடிவிலி என்றால் மிகப் பெரிய எண் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆம்பல், தாமரை, வெள்ளம் என்று பேரெண்களுக்கு நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். ஆனால் வெள்ளத்தோடு ஒன்றைக் கூட்டினால் அதைவிடப் பெரியது வந்துவிடும். முடிவிலிக்கு ஒன்று எவ்வளவு தூரமோ, வெள்ளமும் அவ்வளவே தூரம். எண்ணிக்கொண்டே போய் அங்கே சேர முடியாது.

அப்படியானால் அதைப் பற்றிப் பேசவே முடியாதா? முடியும் என்று காட்டியவர் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் இருந்த கணிதர் கேன்டர். 1891-இல் அவர் தந்த நிரூபணத்தின் சாரத்தைக் கரும்பலகையில் அரைப் பக்கத்துக்குள் எழுதிவிடலாம். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலுள்ள தசம எண்களையெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் போட்டுப் பட்டியலில் அடக்கிவிட்டேன் என்று ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். பட்டியல் முடியாமல் நீளட்டும், பரவாயில்லை. முதல் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். அது 5 என்றால் 4 எழுதுங்கள். வேறு எதுவானாலும் 5 எழுதுங்கள். இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம், மூன்றாம் எண்ணின் மூன்றாம் இலக்கம் என்று சாய்வாக இறங்கி இதையே செய்துகொண்டு போங்கள். கிடைக்கும் புது எண், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றோடும் ஓர் இலக்கத்திலாவது மாறுபடும். ஆக, எல்லாவற்றையும் அடக்கிவிட்டதாகச் சொன்னவர் பேச்சு பொய்யாகிவிடுகிறது. முடிவிலியிலேயே சிறிது, பெரிது உண்டு என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

கேன்டர் ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை உள்ளவர். முடிவிலிக்குக் கணக்குப் போடுவது கடவுளின் இடத்தில் கைவைப்பதாகாதா என்ற தயக்கம் அன்று சமய அறிஞர்களிடம் இருந்தது. அவர்களோடு கடிதம் எழுதி வாதாடிய கேன்டர், தாம் வரிசைப்படுத்திய முடிவிலிகளுக்கும் அப்பால் எந்தக் கணக்குக்கும் அடங்காத ஒன்று உண்டு, அது இறைவனுக்கே உரியது என்று வகைபிரித்தார். இன்னொரு கேள்வி அவரை விடாமல் துரத்தியது. எண்ணும் எண்களின் முடிவிலிக்கும் தசம எண்களின் முடிவிலிக்கும் நடுவே மற்றொரு முடிவிலி இருக்கிறதா? விடை தெரியாமலேயே 1918-இல் இறந்தார். இன்று வழக்கத்தில் உள்ள கணித அடிப்படை விதிகளை வைத்து ‘நடுவே எதுவும் இல்லை’ என்பதைப் பொய் என்று காட்ட முடியாது என்று 1940-இல் கணிதர் கோடல் நிறுவினார். மெய் என்றும் காட்ட முடியாது என்று 1963-இல் கோஹன் என்ற இன்னொரு கணிதர் நிறுவினார். தன்னால் எதைச் சொல்ல முடியாது என்பதையே கணிதம் நிரூபித்துக் காட்டிய இடம் அது.

நமக்கு நெருக்கமான கணிதர் ஒருவரிடம் வருவோம். ராமானுஜன் நாமக்கல் நாமகிரித் தாயாரின் பக்தர். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி கடவுளை நம்பாதவர். இருவரும் சேர்ந்து ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற கணக்கை எடுத்துக்கொண்டார்கள். 4 என்றால் ஐந்து விதம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. எண் வளர வளர விடை மளமளவென்று ஏறும். 200 வரைக்கும் மக்மஹோன் என்ற கணிதர் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். 200-க்கு அவர் கண்ட விடை 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388. ராமானுஜனும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்ட சூத்திரமோ முடிவில்லாமல் நீளக்கூடிய ஒரு தொடர். அதில் முதல் எட்டு உறுப்புகளை மட்டும் கூட்டினார்கள். மக்மஹோனின் விடையே வந்தது, வித்தியாசம் 0.004 மட்டும். அந்தத் தொடரை நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை நிலைகொள்ளாது என்பது பின்னாளில் தெரிந்தது. பக்தரும் நாத்திகரும் ஒரே முடிவிலியில் கைவைத்து, எட்டோடு நிறுத்தி, சரியான விடையோடு எழுந்தார்கள்.

வானத்துக்குப் போனாலும் இதே ஒழுங்குதான். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. அதற்குள் நம்மை வந்தடைந்த ஒளியைத்தான் பார்க்க முடியும். ஒளி வந்துகொண்டிருந்தபோதே வெளியும் விரிந்ததால், நம் பார்வையின் எல்லை இன்று எல்லாத் திசையிலும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அது பார்வையின் எல்லை மட்டுமே. அங்கே சுவர் எதுவும் கிடையாது. அதற்கு அப்பால் என்ன? 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலம் ஆதி ஒளியின் மிச்சத்தை அளந்தது. அந்த அளவுகளைப் பிற வானியல் அளவுகளோடு சேர்த்துப் பார்த்தால் வெளி, ஆயிரத்தில் சில பங்கு பிழைக்குள், வளைவில்லாமல் தட்டையாகவே தெரிகிறது. தட்டை என்றால் முடிவில்லாமல் பரந்திருக்கலாம். ஆனால் வளைவு நம் கருவிக்குச் சிக்காத அளவு சிறிதாக இருந்தால், பூமியின் பரப்பைப் போல விளிம்பில்லாமலே அளவோடும் இருக்கலாம். இதில் எது என்று வானியலாளர்கள் அறுதியிட்டுச் சொல்வதில்லை. அளந்ததையும் பிழையையும் சேர்த்தே எழுதிவைக்கிறார்கள்.

ஆக, என் பதில் இது. கணக்கில் முடிவிலி உண்டு. அதை வைத்துத் திட்டவட்டமான உண்மைகளை நிறுவ முடிகிறது. வானத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறது. நம்பிக்கையில் அதை அளப்பதே கேள்வியாக இல்லை. அதன் முன் எப்படி நிற்கிறோம் என்பதே கேள்வி. இந்த மூன்றிலும் உருப்படியாக ஏதோ கண்டவர்கள், தமக்கு எட்டியது எதுவரை என்று மறைக்காமல் சொன்னவர்கள்.

இத்தனை வயதுக்குப் பிறகு சுற்றிலும் பார்க்கும்போது இரண்டு தப்புக் கணக்குகள் தெரிகின்றன. எண்ணிமுடிக்கக் கூடியதை முடிவில்லாதது என்று நினைத்துக்கொள்கிறோம். எண்ணி முடியாததை எண்ணிவிட்டதாகச் சாதிக்கிறோம்.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். “அவனைப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்று நாற்பது வருஷம் கூடவே இருந்த தம்பியைப் பற்றி ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிடுவோம். பெண்டாட்டி வாயைத் திறக்கும் முன்பே அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நமக்குத் தெரிந்துவிடும். எல்லாரையும் பட்டியலில் அடக்கியாகிவிட்டது என்ற நினைப்பு. மனிதர்கள் அப்படி அடங்குவதில்லை. தீர்ப்பு எழுதும் முன் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். நம் பட்டியலில் இல்லாத பதில் ஒன்று வரும்.

முதல் தப்பு இன்னும் விலை கூடியது. பணம் சேர்ப்பவர்கள் ‘இன்னும் கொஞ்சம்’ என்கிறார்கள். லட்சத்தில் இருந்தபோது அந்த ‘இன்னும்’ எவ்வளவு தூரத்தில் இருந்ததோ, கோடியிலும் அவ்வளவு தூரத்திலேயே இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே ஒரு தொகையை எழுதி வைத்துக்கொண்டவர்கள்தான் நிம்மதியாக இருப்பதைப் பார்க்கிறேன். நாட்களும் அப்படித்தான். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை வருஷத்துக்கு இரண்டு தரம் பார்க்கிறவர், அவர்களுக்கு இன்னும் பத்து வருஷம் ஆயுசு என்று வைத்துக்கொண்டாலும், இருபது தரம்தான் பார்க்கப்போகிறார். அதற்கு மேல் ஒன்றைக் கூட்ட எந்தச் சூத்திரமும் கிடையாது. தீபாவளிக்கு முடியாவிட்டால் பொங்கலுக்குப் போகலாம் என்று தள்ளிப்போடும் முன் அந்த இருபதை ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.