தராசு சொல்லாத கணக்கு

நாற்பது வயதைத் தாண்டிய நம்மவர் இருவர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினும் ஈற்றில் உடல் நிறையில் வந்து முடியும். "அறுபத்தைந்திலேயே நிற்கிறேன்" என்று ஒருவர் பெருமைப்படுவார். "எழுபத்தைந்தாகிவிட்டது" என்று மற்றவர் பெருமூச்செறிவார். தராசின் முள் காட்டும் ஓர் இலக்கத்தைக் கொண்டே உடம்பின் யோக்கியதை முழுவதையும் தீர்த்துவிடுகிறோம். அவ்விலக்கத்துள் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, ஊளைச்சதை எவ்வளவு என்று கேட்பார் அரியர்.

இதனை விளக்குதற்கு மருத்துவ உலகில் சுவையான படம் ஒன்றுண்டு. 2004 ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் ஆங்கில மருத்துவ ஏட்டில் வெளிவந்தது அது. பூனாவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் யுட்கினும் அதிலே காட்சி தருகிறார்கள். இருவருடைய உடற்றிணிவுச் சுட்டியும் ஒன்றே: 22.3. அஃதாவது, உயரத்துக்கேற்ற நிறை. குறை சொல்ல இடமில்லை. ஆனால், உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயரிடம் 9.1 சதவீதமும் இந்தியரிடம் 21.2 சதவீதமும் காணப்பட்டன. தென்னாசியராகிய நாம் பார்வைக்கு மெலிந்திருந்தும், தசை குறைந்து வயிற்றிலே கொழுப்பு மிகுந்து நீரிழிவுக்கு எளிதில் இரையாகிறோம் என்பதற்கு அந்தப் படத்தையே சான்றாகக் காட்டுவார்கள்.

என் கணக்கும் ஏறக்குறைய அதுவே. உயரம் 170 சென்ரிமீற்றர், நிறை 64 கிலோ, சுட்டி 22. நண்பர்கள் பொறாமைப்படும் உடம்பு! ஆயினும், தையற்காரரின் நாடாவால் இடுப்பைச் சுற்றி அளந்தபோது 93 சென்ரிமீற்றர் காட்டிற்று. நம் இனத்து ஆண்களுக்கு அது 90 ஐத் தாண்டலாகாது என்பர். வெறும் வயிற்றில் எடுத்த குருதியிலே வெல்லத்தின் அளவு 112 மில்லிகிராம். அது 100 ஐத் தொட்டால் எச்சரிக்கை. 126 ஐத் தொட்டால் நீரிழிவு. என் தந்தையாரையும் பெரிய தந்தையாரையும் பிடித்த நோய் என் படலையடியிலும் வந்து நின்றது.

"கொஞ்சம் மெலியுங்கோ மாஸ்ரர்" என்றார் அயலவர் ஒருவர். மெலிவதற்கு என்ன இருக்கிறது? வெறுமனே உணவைக் குறைத்து நாலைந்து கிலோவை இழந்தால், இழப்பதில் ஒரு பங்கு தசையாகவே போய்விடும். சோற்றிலிருந்தும் மாவிலிருந்தும் பிறந்து குருதியிற் கலக்கும் வெல்லத்தில் பெரும்பகுதியை வாங்கிச் சேமிக்கும் களஞ்சியம் தசையன்றோ? களஞ்சியத்தை இடித்துவிட்டு நெல்லை எங்கே கொட்டுவது? ஆகவே, ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் என் இலக்குகளை இவ்வாறு எழுதினேன்: நிறை 64 இலேயே நிற்கட்டும்; இடுப்பு 90 க்குக் கீழே இறங்கட்டும்; குறையும் கொழுப்பின் இடத்தைத் தசை நிரப்பட்டும். தவணை ஆறு மாதம்.

இனிப் பயிற்சி. காலையில் மூன்று மைல் நடப்பவர்கள் நம்மூரில் நிறைய உண்டு. நடை இருதயத்துக்கு நல்லது. ஆனால், நடையினால் மட்டும் தசை வளராது. தசை வளர வேண்டுமாயின், அதற்குப் பழக்கமில்லாத பாரத்தை அதன்மீது ஏற்ற வேண்டும். பழகிய பின் இன்னுஞ் சிறிது ஏற்ற வேண்டும். கன்றுக்குட்டியை நாடோறும் தோளிற் சுமந்து, அது காளையான பின்னும் சுமந்தானென்று பழங்கால மல்லன் மைலோவைப் பற்றிக் கதை சொல்வார்கள். கதையை விடுவோம். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் முறிந்து தொடை சூம்பிய படைவீரர்களுக்கு, தோமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர் படிப்படியாகப் பாரத்தைக் கூட்டித் தூக்கச் செய்தார். மெதுவான பயிற்சிகளால் மாதக்கணக்கில் தேறாத கால்கள் விரைவில் தேறின. அவர் 1945 இல் வெளியிட்ட அம்முறையே, இன்றைய உடற்பயிற்சி நிலையங்களிலே நம் பிள்ளைகள் செய்யும் பயிற்சி எல்லாவற்றுக்கும் மூலம்.

எனக்கு உடற்பயிற்சி நிலையம் வேண்டியதாயிருக்கவில்லை. ஓர் உரப்பையில் பத்துக் கிலோ மணலைக் கட்டி, அதைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தி எழும்புவது ஒன்று. நிலத்திலிருந்து பையைத் தூக்குவது ஒன்று. நமது பாட்டன்மார் செய்த தண்டால் ஒன்று. மாமரக் கிளையைப் பற்றி உடம்பை மேலே இழுப்பது ஒன்று. கடைசியாகச் சொன்னது முதல் மாதம் முழுவதும் வெறுந் தொங்கலாகவே இருந்தது. கிழமையில் மூன்று நாள், ஒவ்வொன்றும் மூன்று சுற்று. ஒரு சுற்றில் எட்டு முறை தொடங்கிப் பன்னிரண்டு முறை வரை. கடைசி இரண்டு முறையும் பல்லைக் கடித்துத்தான் முடிய வேண்டும். மூன்று சுற்றிலும் பன்னிரண்டு எட்டியதும் பையில் இரண்டு கிலோ மணல் கூடும். இடையிலுள்ள நாள்கள் ஓய்வு. தசை வளர்வது தூக்கும்போதன்று. தூக்கிய பின் ஒன்றிரண்டு நாள் உணவையும் உறக்கத்தையும் கொண்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்போதே.

"இஞ்சாருங்கோ, உந்தப் பையைத் தூக்கி நாரிப் பிடிப்போடை வந்து நிண்டால், எண்ணெய் பூச என்னாலை ஏலாது" என்று இல்லாள் முதல் நாளே அறிவித்துவிட்டாள். நியாயமான எச்சரிக்கைதான். அதனாலேயே பத்துக் கிலோவில் தொடங்கினேன்.

நிற்க. பயிற்சியைவிட உணவே எனக்குப் பெரும் வில்லங்கமாயிருந்தது. எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சைவம், முட்டையும் இல்லை. சாதாரண மனிதருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதுமென்பது பொது விதி. பாரம் தூக்கித் தசை வளர்ப்பவருக்கு அது 1.6 கிராம் வரை வேண்டும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்து நோக்கியோர் கண்ட முடிவு. எனக்கு அது நாளொன்றுக்கு நூறு கிராம். ஒரு கிழமை நான் உண்டவற்றைக் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது ஐம்பதுகூட நிறையவில்லை. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் சோறும் மரக்கறியும், இரவில் புட்டும் சம்பலும் என்றால் எங்கிருந்து நிறையும்? வெந்த சோறு நூறு கிராமில் புரதம் மூன்று கிராமுக்கும் குறைவு.

ஆனால், நம்முடைய அடுக்களையில் பஞ்சமில்லை, பங்கீட்டிலேதான் பிசகு. சோறு மலையாகவும் பருப்பு அதன் உச்சியில் ஒரு பொட்டாகவும் இருக்கும் வழக்கத்தை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. உலர்ந்த பயற்றிலும் உழுந்திலும் பருப்பிலும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ இருபத்துநாலு கிராம் புரதம் உண்டு, கச்சானிலும் அவ்வளவே, கடலையில் இருபது, சோயா மீற்றில் ஐம்பது. இப்போது காலையில் அவித்த பயறு ஒரு கோப்பை, அல்லது உழுந்து கூடிய தோசை. மத்தியானம் பருப்பு இரண்டு அகப்பை, சோயாக் கறி, தயிர். பின்னேரம் கடலையோ கச்சானோ. காலையும் இரவும் ஒவ்வொரு குவளை பால். சோறு அரைவாசியாகியது. இவ்வளவும் சேர்ந்து நூறை நெருங்கிவிடும். அரிசியில் குறைவாயுள்ள லைசீன் என்னும் அமினோ அமிலம் பருப்பினங்களில் நிறைவு. பருப்பினங்களில் குறைந்த மெதியோனீன் அரிசியில் உண்டு. அரிசியையும் உழுந்தையும் சேர்த்தரைத்த நம் மூதாட்டிகள் இப்பெயர்களை அறியார், தோசையை அறிவார்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு நூறு கிராம் புரதம் என்பது கேலிப்பேச்சாகத் தோன்றலாம். பால் கட்டுப்படியாகாத வீட்டில் பயறும் கடலையும் சோயாவும் கைகொடுக்கும். மீன் உண்பவர்களுக்கு நெத்தலி இருக்கிறது. சிறுநீரக நோயுள்ளவர்கள் மாத்திரம் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து கேட்டான்: "சேர், ரெண்டு மாசத்திலை உடம்பு வர எந்த ரின் நல்லது?" பாலைத் திரைத்துப் பாற்கட்டி எடுத்தபின் எஞ்சும் தெளிநீரை உலர்த்திய மாவே அவன் கேட்ட ரின்னிலுள்ளது. அது நஞ்சன்று, மந்திரமுமன்று. ஒரு கரண்டியில் இருபத்தைந்து கிராம் புரதம். ஐம்பது கிராம் சோயா மீற்றிலும் அவ்வளவே. விலை வித்தியாசத்தை அவனையே கணக்குப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மாதத்தில் உடம்பு வருமென்பதுதான் பொய். முதற் சில கிழமைகளில் பலம் கூடுவது, நரம்புகள் தசையை நன்றாக ஏவப் பழகிக்கொள்வதனால். கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி அதன் பின்பே வரும். அந்தப் பொறுமை இல்லாத இளைஞர்களைத் தேடித்தான் ஊசி மருந்து வருகிறது. ஆண்மைச் சுரப்பைப் போலச் செய்யப்பட்ட அம்மருந்துகள் உடம்பின் இயல்பான சுரப்பை அடக்கிவிடும், இருதயத்தையும் கெடுக்கும். "ஊசி எண்டு ஆரும் சொன்னால், தம்பி, என்னட்டை வந்து சொல்லு" என்று அனுப்பினேன். அவன் முகம் மாறியதைப் பார்த்தால், யாரோ முன்னமே சொல்லியிருப்பார்கள் போலிருந்தது.

கந்தசட்டி விரதம் வந்தபோது ஆறு நாளும் பாலும் பழமுந்தான். அந்நாள்களில் சுற்றுக்களைக் குறைத்தேன், பாரத்தைக் குறைக்கவில்லை. பெற்ற பலத்தைப் பேணுவதற்கு, அதைப் பெறுவதற்குச் செய்த உழைப்பில் ஒரு சிறு பங்கு போதும். சூரன்போரன்று மணற்பை திண்ணையில் ஓய்ந்து கிடந்தது.

நான்கு மாதம் கழித்து அளந்தேன். பை 24 கிலோ, தண்டால் ஆறிலிருந்து பத்தொன்பது, இடுப்பு 90.5, வெல்லம் 103. நிறை 64.5. தராசை மட்டும் நம்பியிருந்தால், நான்கு மாதத்தில் ஒன்றும் நடவாததோடு அரைக் கிலோ கூடியும்விட்டது என்றே சொல்லியிருப்பேன்.

இந்தக் கணக்கையெல்லாம் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் என் தந்தையார். வயது எழுபத்தெட்டு. ஒரு காலத்தில் துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீரிறைத்த கால்கள் இன்று வேட்டிக்குள்ளே இரண்டு தடிகளாய்க் கிடக்கின்றன. இரு கைகளாலும் ஊன்றினாலன்றி அவரால் எழும்ப முடியாது. 1990 இல் பொஸ்ரன் நகரத்து முதியோர் இல்லமொன்றில், 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு மரியா பியற்றரோன் என்னும் மருத்துவர் எட்டுக் கிழமை பாரம் தூக்கப் பயிற்றினார். அவர்களுடைய கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடிற்று. இதைப் படித்துக் காட்டியபோது ஐயா, "எழும்பி இனி என்னத்தைக் காணப்போறன்?" என்றார். குளியலறையில் ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் என்ன காண்போம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்; நான் அதைச் சொல்லவில்லை.

உயரமான மரக்கதிரையில் இரண்டு தலையணைகளை அடுக்கி, கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு எழும்பி இருக்கச் செய்தேன். முதல் நாள் இரண்டு முறை. ஆறு கிழமையில் ஏழு முறை. ஒரு தலையணையை எடுத்தாயிற்று. இரவுப் பாலும் பயற்றங்கஞ்சியும் இப்போது அவருக்கும் உண்டு. மற்றத் தலையணையை வருகிற மாதம் எடுக்கலாமென்பது என் எண்ணம். ஐயா அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.