துபாயில் ஒரு மாசம்: ஒரு லட்சத்துக்குள்ள முடியுமா?

நம்ம மாவட்டத்துல இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற யாரையாவது நிறுத்தி "அடுத்து என்ன?"ன்னு கேட்டுப் பாருங்க. சென்னை, பெங்களூர், இல்லேன்னா துபாய். துபாய்ன்னு சொல்றவன் கூடவே ஒரு வரி சேர்ப்பான்: "விசிட் விசால ஒரு மாசம் போய் தேடுனா கிடைச்சிரும் மக்கா."

நானும் அந்தக் கட்சிதான். மெக்கானிக்கல் படிக்கிறேன், ஏசி டக்ட் டிசைன் பக்கம் ஆர்வம். அந்த வேலை அதிகமா இருக்குற ஊர் துபாய். ஆனா வேலை வாங்குறது எப்படின்னு இந்தக் கட்டுரை சொல்லாது, எனக்கே இன்னும் கிடைக்கல. அந்த ஒரு மாசம் அங்க தங்கிச் சாப்பிட்டுத் திரும்ப எவ்வளவு ஆகும், எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது, இது மட்டும்தான் விஷயம்.

கணக்கு போட உக்காந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. நாகர்கோவில்ல ஒரு ஏஜென்ட் (பேரு வேண்டாம்) விசா, டிக்கெட், ஒரு மாசம் பெட், ஏர்போர்ட் பிக்கப், ரெண்டு இன்டர்வியூ எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய்ன்னு சொன்னார். எங்க அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறவர். மழை பிடிச்சா வெட்டு நிக்கும், வெட்டு நின்னா வருமானமும் நிக்கும். அதனால 1,60,000ன்னா எங்க வீட்டுல அர்த்தம் ஒண்ணுதான், அம்மா கழுத்துல கிடக்குற செயின். "வச்சிட்டுப் போ மக்கா, நான் எந்தக் கல்யாணத்துக்குப் போடப் போறேன்"னு அம்மா ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க. அவ்வளவு லேசா சொன்னதுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். திர்ஹம் மதிப்பு டாலரோட கட்டிப் போட்டது, ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம். ரூபாய் மட்டும்தான் ஆடும். தலைவலி வேண்டாம்னு நான் ஒரு திர்ஹம் 25 ரூபாய்ன்னு வச்சுக்கிட்டேன்.

முதல்ல, எந்த மாசம் போறது? நம்ம எல்லாருக்கும் எக்ஸாம் முடிஞ்ச உடனே ஜூன்லயே கிளம்பணும்னு ஆசை. ஆனா ஜூன்ல கையில டிகிரி சர்டிபிகேட் இருக்காது. வேலை விசாவுக்கு டிகிரியை இங்க மாநில அளவுல, அப்புறம் வெளியுறவுத் துறையில, அப்புறம் எமிரேட்ஸ் தூதரகத்துல அட்டஸ்ட் பண்ணணும். சர்டிபிகேட் இல்லாம எதை அட்டஸ்ட் பண்றது? கூடவே வெயில். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30ல இருந்து 3 மணி வரை திறந்தவெளி வேலையையே அங்க சட்டம் போட்டு நிறுத்துறாங்க. அந்த நேரத்துல கோட்டு மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப் தேடி நடக்குறதை நினைச்சுப் பாருங்க. ரம்ஜான் மாசத்துல ஆபீஸ் நேரம் தினம் ரெண்டு மணி நேரம் குறையும். டிசம்பர் கடைசியில டிக்கெட் விலை ஏறிடும். எல்லாத்தையும் கழிச்சா எனக்கு மிஞ்சினது அக்டோபர் கடைசி, நவம்பர்.

விசாவுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. 2022ல வேலை தேடுறவங்களுக்குன்னே தனி விசா கொண்டு வந்தாங்க. 60, 90, 120 நாள்னு மூணு வகை, ஸ்பான்சர் தேவையில்லை. படிச்சு முடிச்ச புதுசுல இருக்குறவங்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: உலகத்தோட டாப் 500 பல்கலைக்கழகத்துல ஒண்ணுல படிச்சிருக்கணும். உங்க மார்க்‌ஷீட்டுல இருக்குற பேரு அந்தப் பட்டியல்ல இருக்கான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே பார்த்துக்குங்க. இல்லேன்னா 30 நாள் டூரிஸ்ட் விசாதான் வழி. அதுல இன்டர்வியூவுக்குப் போகலாம், வேலை மட்டும் செய்யக்கூடாது.

அடுத்தது தங்குற இடம். காசு அதிகமா போறது இங்கதான். ஒரு மாசத்துக்கு தனி ரூம் நம்ம கணக்குல வராது. நம்ம ஆளுங்க எடுக்குறது "பெட் ஸ்பேஸ்". ஒரு ரூம்ல நாலு பேரோ ஆறு பேரோ, உங்களுக்கு ஒரு கட்டில், பொது கிச்சன், பொது பாத்ரூம். தேரா, கராமா, பர் துபாய் பக்கம் கட்டில் தேடலாம். எனக்குச் சொன்ன விலை 800 திர்ஹம். இதுலயும் சீப்பா கிடைக்குதுன்னு பலகை அடிச்சுத் தடுத்த ரூம்ல போய் விழாதீங்க. 2025 ஜூன்ல துபாய் மாநகராட்சி அல் ரிக்கா, முரக்கபாத், சத்வா மாதிரி இடங்கள்ல அனுமதியில்லாத தடுப்பு ரூம்களைப் பிடிக்க ஆரம்பிச்சாங்க. ராத்திரியோட ராத்திரியா பெட்டியைத் தூக்கிட்டு வெளிய வந்தா, மிச்சம் பிடிச்ச 200 திர்ஹம் ஒரே நாள்ல போயிரும். அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி "கூடத் தங்குறவங்க பேரைப் பதிவு பண்ணியிருக்கா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா வேற கட்டில் பாருங்க. ஷார்ஜாவுல வாடகை குறையும்னு சொல்வாங்க. குறையும்தான், ஆனா மெட்ரோ அங்க வரைக்கும் போகாது. காலையில டிராபிக்ல மாட்டினா இன்டர்வியூ நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

சாப்பாடு நம்ம கையில இருக்கு. கிச்சன் இருந்தா சோறு வடிக்கத் தெரிஞ்சா போதும். ஊர்ல இருந்து பருப்புப் பொடி, புளி, கருவாடு, ஏத்தங்கா சிப்ஸ் எடுத்துட்டுப் போகலாம். ஆனா அம்மா பெட்டி கட்டும்போது பக்கத்துல நின்னு பாருங்க. கசகசா அங்க தடை செஞ்ச பொருள். குருமாவுக்குன்னு ஒரு பொட்டலம் உள்ள போனாலும் கேஸ்தான். சில இருமல் மருந்து, வலி மாத்திரைக்கும் இதே கதை. வெளிய சாப்பிட்டா கஃபெட்டீரியா பொரோட்டாவும் கரக் சாயும் கை கொடுக்கும். கடையில நிக்கிறவர் பெரும்பாலும் மலையாளியா இருப்பார். 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த மாவட்டம் நம்மது, பாதி மலையாளம் பிறந்ததுல இருந்தே காதுல விழுந்திருக்கு. "சேட்டா"ன்னு ஆரம்பிச்சா எந்தக் கட்டில் காலி, எந்த பஸ் எங்க போகும்ங்கிற தகவல் டீயோட சேர்ந்து வரும். சாப்பாட்டுக்கு 500 திர்ஹம் வச்சேன்.

போக்குவரத்துல ஒரு சின்ன கணக்கு. நோல் கார்டு 25 திர்ஹம், அதுல 19 உள்ளயே இருக்கும். தூரமான பயணத்துக்கு 7.50, போக வர 15. எல்லா ஜோனுக்கும் மாச பாஸ் 350. 350ஐ 15ஆல வகுத்தா 23.3. அதாவது 24 நாள் அலைஞ்சாதான் பாஸ் லாபம். சனி, ஞாயிறு லீவை எடுத்துட்டா மாசத்துல வேலை நாளே 22தான் தேறும். தினமும் இன்டர்வியூ வர நாம என்ன அமைச்சரா? 12 நாள் அலைச்சல்னு வச்சா 180 திர்ஹம், கார்டு விலையும் சேர்த்து 200 போதும். ஒரு எச்சரிக்கை: மெட்ரோவுக்குள்ள சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சா 100 திர்ஹம் ஃபைன்.

இப்போ மொத்தம்:

விசா, இன்சூரன்ஸ்: 10,000
திருவனந்தபுரம் – துபாய், போக வர டிக்கெட்: 25,000
கட்டில், 800 திர்ஹம்: 20,000
சாப்பாடு, 500 திர்ஹம்: 12,500
மெட்ரோ, பஸ், 200 திர்ஹம்: 5,000
சிம், பிரின்ட் அவுட், 100 திர்ஹம்: 2,500

கூட்டினா 75,000. இதுக்கு மேல தொடக்கூடாத காசு 25,000. ஆக ஒரு லட்சம். விசாவும் டிக்கெட்டும் நீங்க புக் பண்ற நாள்ல மாறும், அதனால உங்க எண்ணை நீங்க போட்டுக்குங்க. அட்டஸ்டேஷன் செலவு தனி.

ஏஜென்ட் சொன்னதை விட 60,000 கம்மி. ஆனா எனக்கு உறுத்துனது அந்த 60,000 இல்ல. அவரோட லிஸ்ட்டுல ரிட்டர்ன் டிக்கெட் எங்கன்னு கேட்டேன். "டம்மி டிக்கெட் தருவோம் தம்பி, இமிகிரேஷன்ல காட்டத்தான். வேலை கிடைச்சா ரிட்டர்ன் எதுக்கு?"ன்னு சிரிச்சார்.

தேராவுல ஒன்பது வருஷமா ஏசி மெயின்டெனன்ஸ் பாக்குற எங்க அத்தான்கிட்ட போன்ல இதைச் சொன்னேன். அவர் சிரிக்கல.

"மக்கா, எங்க ரூம்ல ஒரு பையன் இருந்தான். டிப்ளமோ. ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது. இருபத்தாறாவது நாள் கையில நாப்பது திர்ஹம். அந்த வாரம் ஒருத்தன் கூப்பிட்டான், ஹெல்பர் வேலை, ஆயிரத்து இருநூறு சம்பளம், விசா அப்புறம் பாத்துக்கலாம்னான். பையன் போயிட்டான். வேற என்ன செய்வான்?"

"விசிட் விசால வேலை செய்யக்கூடாதே அத்தான்?"

"அது அவனுக்கும் தெரியும்லே. ஊருக்குப் போக காசு இல்லாதவன் எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவான். நீ முதல்ல திரும்பி வர்ற டிக்கெட்ட எடு. மிச்சத்த அப்புறம் எழுது."

இதுக்கப்புறம் நான் லிஸ்ட்டைத் தலைகீழா மாத்தி எழுதினேன். முதல் வரி ரிட்டர்ன் டிக்கெட், ரெண்டாவது அந்த 25,000. கட்டிலும் சோறும் அதுக்குக் கீழ. விசா முடிஞ்சும் தங்கினா ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம், பத்து நாள்னா 12,500 ரூபாய். விசிட் விசாவுல ஆளை வேலைக்கு வைக்கிற கம்பெனிக்கு 1 லட்சத்துல இருந்து 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம்னு 2024ல சட்டத்தைக் கடுமையாக்கினாங்க. "விசா அப்புறம்"னு சொல்றவன் இதெல்லாம் தெரிஞ்சேதான் சொல்றான். அவன் முன்னாடி உக்காந்து "வேண்டாம் சார்"னு எழுந்து வரணும்னா, பையில உண்மையான டிக்கெட் இருக்கணும். சாப்பாட்டுல 100 திர்ஹம் மிச்சம் பிடிக்கலாம். இதுல மிச்சம் பிடிச்சா நம்மளையே அடகு வச்ச மாதிரி.

செயின் விஷயம்? ஒரு ரூபா வட்டின்னு வச்சாலும் ஒரு லட்சத்துக்கு மாசம் 1,000 ரூபாய். வேலை கிடைக்காம திரும்பினா அது அப்பாவோட பால் வெட்டுல இருந்துதான் போகணும். அதனால ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் திருவனந்தபுரத்துலயோ நாகர்கோவில்லயோ கிடைக்கிற வேலைக்குப் போறேன். தொடக்கூடாத 25,000மாவது என் சம்பளமா இருக்கணும். மீதிக்கு செயின் போகலாம். அம்மாகிட்ட சொல்லிட்டேன். "சரி, அதுவரைக்கும் நான் போட்டுக்கிறேன்"னாங்க.

நீங்களும் போறதா இருந்தா ஒரு பேப்பர் எடுங்க. வேலை கிடைக்கலேன்னா எந்தத் தேதியில, எந்தக் காசுல வீடு வந்து சேருவீங்க? அதை முதல் வரியா எழுதுங்க. அந்த வரியை நிரப்ப முடியலேன்னா ஒரு ஆறு மாசம் தள்ளிப் போடுங்க. துபாய் அங்கயேதான் இருக்கும்.