மருமகனும் மிதவை அங்கியும்

"இந்த உயிர்காப்பு அங்கி வேண்டாம், மாமா. துடுப்பு வலிக்கும்போது தோளை இறுக்குகிறது. ஒலிம்பிக் வீரர்கள் இதை அணிகிறார்களா?"

லக்கலவில், களு கங்கை நீர்த்தேக்கக் கரையில் நின்று இவ்வாறு கேட்டான் என் தமக்கையின் மைந்தன். கயாக் ஓட்டப் போட்டியில் பெருமோகம் கொண்டவன்.

அவன் கூறியது பொய்யன்று. நேர்த்தடத்தில் விரையும் ஓட்டங்களில் அவ்வீரர்கள் அங்கி அணிவதில்லை. ஆயின், அங்கே மீட்புப் படகுகள் காவல் நிற்கும். சுழித்தோடும் நீரில் நடைபெறும் சிலாலம் போட்டியிலோ, அங்கியும் தலைக்கவசமும் இன்றி எவரையும் இறங்கவிடார்.

எனக்கோ வேறொரு நினைவு. அந்நீரின் அடியில் பழைய லக்கல நகரம் கிடக்கின்றது. 2018ஆம் ஆண்டு நீர் தேங்கத் தொடங்குமுன், அங்கு ஓடிய ஆற்றைச் சாரத்தை மடித்துக்கட்டி முழங்காலளவு நீரில் கடந்தவன் யான். ஆழத்தை அறியேன். மறு ஆண்டு ஒரு சிறு தோணியில் ஏறினேன். நடுநீரில் அது புரண்டது. நீந்தத் தெரிந்தும் பயனில்லை. சாரம் கால்களைச் சுற்றிக்கொண்டது. தோணிக்காரர் வற்புறுத்தி மாட்டிவிட்ட அங்கியே என்னைத் தாங்கிற்று. நினைவுள்ள ஒருவனின் தலையை நீருக்குமேல் நிறுத்த, ஏறத்தாழ 5 கிலோ தூக்கும் மிதவை போதுமாம்!

2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து பள்ளிச் சிறார் மாண்ட செய்தி வந்த அன்று, அந்த அங்கியை நெடுநேரம் மடியில் வைத்திருந்தேன். தமக்கையிடம் இன்றுவரை இதனைச் சொன்னதில்லை, அவனிடம் சொன்னேன்.

மறுமொழி கூறாமல் அங்கியை அணிந்தான். தளர்ந்திருந்த வாரொன்றை நான் இழுத்து இறுக்கினேன்.

"மூச்சு முட்டுகிறது, மாமா!" என்றான்.