எது பேக்கப் பாதை?

ரவுட்டிங் கற்றுக்கொள்ளப் போனவனுக்கு சார் முதலில் கொடுத்தது ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும். நடுவில் என் ரவுட்டர், சுற்றிலும் அ, ஆ, இ என்று மூன்று அண்டை ரவுட்டர்கள். போய்ச்சேர வேண்டிய நெட்வொர்க் தன்னிடமிருந்து எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றும் சொல்கிறது: அ 10, ஆ 15, இ 22. என்னிடமிருந்து அவற்றுக்குப் போகும் லிங்க்குகள் முறையே 10, 12, 8. இந்தத் தூரம் கிலோமீட்டர் கணக்கு இல்லை. லிங்க்கின் வேகத்தையும் தாமதத்தையும் வைத்து இஐஜிஆர்பி என்ற ரவுட்டிங் புரோட்டோகால் போடும் மதிப்பு. கணக்குப் போட வசதியாகச் சின்ன எண்களை எழுதியிருந்தார்.

“பிரைமரி எது, தம்பி?”

அ வழியாக 20. ஆ வழியாக 27, அது பேக்கப். இ வழியாக 30 வந்தது. “இதையும் பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாமா சார்?” என்று கேட்டேன்.

“இ தன் தூரம் 22 என்கிறது. உன் தூரமே 20தான். அது உன் வழியாகவே அங்கே போகிறதோ என்னவோ. அங்கிருந்து உன் பக்கம் வரும் லிங்க்கின் மதிப்பு 2 ஆக இருந்தால் 22 சரியாகப் பொருந்துகிறதே!”

அப்படி இருந்தால், அ அறுந்ததும் நான் இ-யிடம் கொடுக்கும் பாக்கெட்டை அது என்னிடமே திருப்பித் தரும். ஆயுள் எண் தீரும்வரை பாக்கெட் இருவருக்கும் நடுவே அலைந்து சாகும். இ-க்கு வேறு நல்ல வழி இருக்கவும் கூடும். ஆனால் என்னிடம் அதற்கு நிரூபணம் இல்லை. ஆ சொல்வது 15. என் 20-ஐவிடக் குறைவு. என் வழியாகப் போகிற எவருடைய தூரமும் என்னுடையதைவிடக் குறைய முடியாது. ஆகவே ஆ மட்டுமே நம்பத்தக்க பேக்கப். தொழிலில் அதை ஃபீசிபிள் சக்சஸர் என்போம். இந்த நிபந்தனை கார்சியா-லூனா-அசெவெஸ் வகுத்த டூயல் என்ற கணக்குமுறையைச் சேர்ந்தது. இவ்வளவு சின்ன ஒப்பீடு லூப்பையே தடுத்துவிடுகிறது என்று புரிந்த அன்று எனக்கு இந்த வேலையின் மேல் பெரிய மரியாதை வந்தது. ஆ-வும் இல்லாமல் இ மட்டும் மிஞ்சினால், ரவுட்டர் அண்டை ரவுட்டர்களிடம் கேள்வி அனுப்பிப் பதில் வரும்வரை காத்திருக்கும். நேரம் பிடிக்கும், லூப் வராது.

ஓஎஸ்பிஎஃப் என்ற இன்னொரு புரோட்டோகால் வேறு மாதிரி. ஒரு ஏரியாவில் உள்ள எல்லா ரவுட்டர்களிடமும் ஒரே வரைபடம் இருக்கும். டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறையில் ஒவ்வொன்றும் குறுகிய பாதையைக் கணக்கிடும், லிங்க் விழுந்தால் திரும்பக் கணக்கிடும். இதில் கவனிக்க வேண்டியது செலவு மதிப்பு. சிஸ்கோ ரவுட்டர்களில் அதன் அடிப்படை பொதுவாக 100 எம்பிபிஎஸ். அதை மாற்றாமல் விட்டால் 100 எம்பிபிஎஸ் லைனுக்கும் 10 ஜிபிபிஎஸ் லைனுக்கும் செலவு 1 என்றே விழும். பேக்கப்பாகக் கிடக்க வேண்டிய மெல்லிய லைனில் பாதி டிராஃபிக் ஏறிவிடும்.

விழுந்தது தெரியவும் வேண்டுமே. ஓஎஸ்பிஎஃப்பில் அண்டை ரவுட்டர் ஈதர்நெட் லிங்க்கில் வழக்கமாக 10 நொடிக்கு ஒரு ஹலோ செய்தி அனுப்பும். 40 நொடி வராவிட்டால்தான் அண்டை போய்விட்டது என்ற முடிவு. நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்தால் இந்தப் பக்கம் போர்ட் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பாக்கெட்டுகள் பாழாகிக்கொண்டே இருக்கும். லிங்க்கை வேகமாகச் சோதிக்கும் பிஎஃப்டி என்ற முறையைப் போட்டால் ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும்.

இத்தனை கணக்குக்கும் எட்டாத ஒன்று மண்ணுக்கடியில் இருக்கிறது. இரண்டு கம்பெனிகளிடம் வாங்கிய இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் படுத்திருந்தால், ஒரு ஜேசிபி போதும். எந்த புரோட்டோகாலுக்கும் அந்தப் பள்ளம் தெரியாது. இரண்டாவது லைனுக்குப் பணம் கட்டுகிறவர்களே, இரு கம்பெனிகளிடமும் ஃபைபர் போகும் ரூட் மேப்பைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பராமரிப்பு நேரத்தில் பிரைமரியை நீங்களே இறக்கிப் பாருங்கள்.