வாரம் ஓர் அத்தியாயம்

காந்தியின் சுயசரிதையான 'சத்திய சோதனை'யைப் புரட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அதன் அத்தியாயங்கள் மிகச் சிறியவை. பெரும்பாலானவை இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். அடுத்தது என்ன என்று தவிக்கவைக்கும் முடிச்சு எதுவும் கிடையாது. இடம் நிறைந்தது, பேனாவை வைத்துவிட்டார் என்பதுபோல் நிற்கும். காரணம் இலக்கிய உத்தி இல்லை. 'நவஜீவன்' என்ற குஜராத்தி வார இதழுக்காக வாரம் ஓர் அத்தியாயமாக எழுதியது அது.

எழுதச் சொல்லி வற்புறுத்தியவர் சுவாமி ஆனந்த். தனிப் புத்தகமாகவே எழுதித் தரும்படி அவர் கேட்டார். காந்திக்கு அதற்கு நேரமில்லை. ஆனால் நவஜீவனுக்கு எப்படியும் வாராவாரம் ஏதாவது எழுதித்தானே ஆகவேண்டும், அது சுயசரிதையாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியிருக்கிறது. முன்னுரையிலேயே இதை ஒளிக்காமல் சொல்கிறார். பத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த நெருக்கடி புரியும். அதிலும் விளம்பரம் வாங்குவதில்லை என்று கொள்கை வைத்திருந்த பத்திரிகை அது. பக்கம் காலியானால் ஒரு சோப்பு விளம்பரத்தைக்கூடப் போட்டு நிரப்ப முடியாது.

அதற்கு முன்பே எரவாடா சிறையில் சக கைதி ஜெயராம்தாஸ் இதே கோரிக்கையை வைத்தார். படிக்க வேண்டியவற்றுக்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறேன், அது முடியாமல் வேறு வேலை இல்லை என்று பதில் வந்தது. மகாபாரதமும் கிப்பனின் ரோமாபுரி வரலாறும் அந்தச் சிறைவாசத்தில் அவர் படித்தவற்றில் அடக்கம். திட்டம் முடியுமுன் 1924-இல் விடுதலை செய்துவிட்டார்கள்.

தொடர் 1925 நவம்பரில் தொடங்கி 1929 பிப்ரவரி வரை வந்தது. மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 'யங் இந்தியா'விலும் வெளியாயிற்று. அப்போது காந்தியின் நிலைமையைப் பார்க்கவேண்டும். சௌரி சௌராவில் காவலர்கள் கொல்லப்பட்டதும் 1922-இல் ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தி, சிறையிலிருந்த சொந்தக் கட்சித் தலைவர்களின் கோபத்தைச் சம்பாதித்திருந்தார். இழந்த செல்வாக்கை மீட்க நினைக்கும் அரசியல்வாதி இந்த நேரத்தில் எதை எழுதுவார்? வெற்றிகளை எழுதுவார். இவர் எழுதியது, புகைபிடிப்பதற்காக வேலைக்காரரின் காசைத் திருடியதை. பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் மாமிபாய் என்ற பெண்ணின் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்று, தலை சுற்றி, ஒரு கேள்விகூடக் கேட்க முடியாமல் உட்கார்ந்ததை. அந்த வழக்குக்கு அவர் வாங்கிய கட்டணம் 30 ரூபாய். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நழுவ, பட்டேல் என்பவரை 51 ரூபாய்க்கு அமர்த்தினார்கள்.

இன்றைய மேலாண்மை வகுப்புகளிலும் தலைவர்கள் தங்கள் பலவீனத்தை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று கற்றுத்தருகிறார்கள். சொல்லவும் செய்கிறார்கள். "நான் கொஞ்சம் அதிகமாகவே உழைத்துவிடுகிறேன்" என்கிற ரகமான பலவீனங்கள்.

காந்தியின் அத்தியாயங்களில் திரும்பத் திரும்பப் படிக்கத் தூண்டுவது இன்னொரு திருட்டைப் பற்றியதுதான். வயது 15. அண்ணனுக்கு 25 ரூபாய் கடன். அண்ணன் கையில் தங்கக் காப்பு இருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி விற்றுக் கடனை அடைத்தாயிற்று. அதன்பின் மனம் பொறுக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லாமல் ஒரு தாளில் எழுதினார். செய்த குற்றம், அதற்குத் தகுந்த தண்டனை வேண்டும் என்ற கோரிக்கை, இனித் திருடமாட்டேன் என்ற உறுதி, எல்லாம் அதில் இருந்தன. தன்னை எண்ணி அப்பா வருந்தித் தன்னையே தண்டித்துக்கொள்ளக் கூடாது என்ற வேண்டுதலும் இருந்தது. அப்பா பவுத்திர நோயால் மரப்பலகையில் படுத்திருந்தார். மகன் நடுங்கிக்கொண்டே தாளை நீட்டினான், எதிரே உட்கார்ந்தான். அவர் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. ஒரு கணம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. கரம்சந்த் காந்தி யாரோ ஒரு சாதுவும் இல்லை. திவானாக இருந்தவர், அதிகாரம் பழகியவர், முன்கோபி என்று மகனே எழுதுகிறார். அப்படிப்பட்டவர் மகன் முன்னால் அழுதுவிட்டார். தலைவர் தன் குறையைச் சொல்வதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அடுத்தவர் குறையைக் கேட்கும்போது தலைவர் என்ன செய்கிறார் என்பது அதைவிடக் கடினமான பரீட்சை.

அந்தப் பரீட்சை மகனுக்கும் வந்தது. கொண்டுவந்தவர் ஒரு தமிழர். 1894-இல் டர்பனில் காந்தி வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலி கிழிந்த உடையோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, அழுதபடி வந்து நின்றார். முதலாளி அடித்த அடி. காந்தியிடம் வேலை பார்த்த தமிழ் குமாஸ்தா சொல்லித்தான் விவரம் புரிந்தது. டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் போய், கடைசியில் வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார். இதையெல்லாம் நல்ல வக்கீல் எவரும் செய்திருப்பார். ஆனால் பாலசுந்தரம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைக் காந்தி கவனித்தார். வெள்ளைக்காரர் முன் அப்படித்தான் நிற்கவேண்டும் என்று கூலிகளைப் பழக்கியிருந்தார்கள். தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவர் தயங்கினார், பிறகு கட்டிக்கொண்டார். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது என்று எழுதுகிறார் காந்தி.

அதே டர்பனில், 1898-இல், அதே மனிதர் வேறு மாதிரி நடந்துகொண்டார். வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாக்களில் ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய மூத்திரச் சட்டியை எடுக்கும் வேலை மனைவி கஸ்தூரிபாவுக்கு வந்தது. கண் சிவக்க, கண்ணீர் வழிய, சட்டியோடு படியில் இறங்கினார். எடுப்பது போதாது, சிரித்த முகத்தோடு எடுக்கவேண்டும் என்று கணவர் கத்தினார். உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மனைவி. கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போய்க் கதவைத் திறந்தார் கணவர். அந்நிய நாட்டில் பெற்றவர்களும் உறவுகளும் இல்லாமல் எங்கே போவது, வெட்கமில்லையா, கதவைச் சாத்துங்கள் என்று கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இதுவும் ஒரு வாரத்து அத்தியாயமாக வந்தது. காந்தி தன்னைக் கொஞ்சமும் தப்பவிடவில்லை, சரி. ஆனால் மாமிசம் தின்னப் பழக்கிய பால்ய நண்பரின் பெயரை அவர் எழுதவில்லை. 1921-க்குப் பிந்தைய வாழ்க்கையையும் எழுதாமல் நாகபுரி காங்கிரஸோடு நிறுத்திக்கொண்டார். உடன் உழைத்த தலைவர்களைத் தொடாமல் அதை எழுத முடியாது, பலர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காரணமும் சொன்னார். நண்பருக்கும் சகாக்களுக்கும் கிடைத்த அந்தச் சலுகை மனைவிக்குக் கிடைக்கவில்லை. டர்பன் வாசலை எழுத அவரிடம் கேட்டதாக அந்த அத்தியாயத்தில் ஒரு வரி இல்லை. மனம் திறந்து எழுதும் தலைவர்களை வியக்கலாம், ஆனால் இந்த இடத்தில் காந்தி செய்தது நியாயமில்லை.

கஸ்தூரிபா சுயசரிதை எழுதவில்லை. 1933-இல் அவர் எழுதிய ஒரு நாட்குறிப்பு கிடைத்து, 2022-இல் புத்தகமாக வந்தது. அந்த வாசல் சம்பவம் நடந்து 35 ஆண்டுகள் கழித்து எழுதியது அது.